அருகில் ஒருவர்

இரவு பதினொன்றரை. ஆலைக்குப் பின்னால் போகிற ஒதுக்குப்புறச் சாலை. வீடில்லை, கடையில்லை... ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதனுடைய மச்சான் அங்கே பைக்கை நிறுத்தினான். ஏய், சிரிக்காதீர்கள், அதற்காக நிறுத்தவில்லை.

செல்போன் ஆப் வடிவமைப்பது அவன் வேலை. சந்தேகத்தைத் தட்டினால் பக்கத்தில் அதே ஆப் வைத்திருப்பவர்கள் யோசனை சொல்வார்கள், அப்படி ஒரு ஆப். இன்னும் வெளியே விடவில்லை. ஆபீஸ்காரர்கள் போனிலும் அவன் மனைவி போனிலும் மட்டும்தான் இருந்தது. எல்லாத் திரையும் சோதித்தாயிற்று. 'அருகில் யாரும் இல்லை' என்கிற திரை மட்டும் பாக்கி. ஆபீஸில் ஆள், வீட்டில் மனைவி... எங்கே போய்ச் சோதிப்பது? காலையில் அதைப் படம் பிடித்து மேனேஜரிடம் காட்டியாக வேண்டும்.

போனைத் திறந்தான். 'அருகில் ஒருவர்.'

"அட சனியனே, இங்கயுமா?"

மூடித் திறந்தான். அதே ஒருவர்.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று மனதில் கிடந்ததையே தட்டினான். அவனுக்குக் கைக்குழந்தை, பெண். ராத்திரி முழுக்க வீறிட்டு அழுவாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றுவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் கண்ணை மூடி எத்தனை நாளாயிற்றோ.

"குழந்தை தூங்கவே மாட்டேங்குது. என்ன பண்றது?"

என்ஜின் ஆறுகிற சத்தம்... டிக்... டிக். எங்கிருந்தோ புளித்த பால் வாடை. சட்டையை மோந்து பார்த்தான். சட்டையில் இல்லை.

பதில் வந்தது. "நான் பாத்துக்கறேன்."

பைக்கை எப்படிக் கிளப்பினான் என்று அவனுக்கே தெரியாது.

வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. கதவைப் படபடவென்று தட்டினான். மனைவி கதவைத் திறந்து உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா வாங்க. இப்பதான், தானாவே தூங்கிட்டா. என்ன மாயமோ!" முகமெல்லாம் சிரிப்பு. பாவம், அவளிடம் என்னத்தைச் சொல்வான்?

உள்ளே தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"நீ ஆட்டினியா?"

"இல்லையே... காத்துக்கு ஆடுதோ என்னமோ."

எவனோ ஆபீஸ்காரன் விளையாடியிருக்கிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தான். காலையில் கிளம்பும்போதும் குழந்தை எழவில்லை. "நல்லாத் தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்றாள் மனைவி.

மனசு கேட்குமா? போகிற வழியில் அதே இடத்தில் நிறுத்தினான். பால் வாடை இல்லை. போனைத் திறந்தான்.

'அருகில் யாரும் இல்லை.'

அவன் தேடிய திரை, பளிச்சென்று. படம் எடுக்கவில்லை... ஆபீஸுக்கும் போகவில்லை. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.