பந்து என் கையிலதான் இருக்கு

இல்ல அங்கிள், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அப்பாயின்ட்மென்ட் வாங்கினது நான். ஃபாரத்தை நிரப்பினது நான். அப்பா அம்மா ரெண்டு பேரையும் கையப் பிடிச்சு இழுக்காத குறையா கூட்டிட்டு வந்தது நான். கடைசில என்னையே 'நீ கொஞ்சம் வெளிய உக்காரும்மா'ன்னு அனுப்பிட்டாங்க அந்த கவுன்சிலர் மேடம்! நாப்பது நிமிஷமாச்சு. உள்ள சிரிப்பு வேற... கேக்குதா? அது எங்கம்மா! எங்க வீட்ல அந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு மாசமாச்சு.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? பையனுக்கா? இருபத்தாறு வயசா! ஆள் எங்க? ...கீழ கார்லயே உக்காந்துட்டாரா, மேல வரமாட்டேங்கிறாரா. சரிதான்.

என்னது? கொஞ்சம் சத்தமாத்தான் கேளுங்களேன்... மாத்திடுவாங்களான்னா? யாரை, உங்க பையனையா? ஐயோ அங்கிள்! இங்க அந்த வேலையே கிடையாது. போன்லயே சொல்லிட்டாங்க மேடம். 'மாத்தறதுக்கு இது நோய் இல்லம்மா. நீ நீயா இருக்கணும், வீட்ல இருக்கறவங்க உன் கூட நிக்கணும், அதுக்குத்தான் நான் இருக்கேன்'னு. மாத்தித் தர்றேன்னு எவனாவது சொன்னான்னு வெச்சுக்கோங்க, அந்தத் திசையில தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. ஆளையே உடைச்சுக் கையில குடுத்துருவானுங்க. ...அட, மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. தெரியாமத்தானே கேட்டீங்க. கேட்டீங்களே, அதுவே பெருசு! எங்க வீட்ல இருக்காங்களே ரெண்டு பேரு, வாயே திறக்கல.

எங்கப்பா யாருன்னு நினைச்சீங்க? லிஃப்ட் மெக்கானிக். எவனாவது பாதில மாட்டிக்கிட்டா போன் அவருக்குத்தான் வரும். 'பயப்படாதீங்க, உள்ள காத்து வரும், கதவைத் தள்ளாதீங்க, நான் வந்துட்டே இருக்கேன்'... அப்படியே தேனா ஒழுகும். முன்னப்பின்ன தெரியாதவனுக்கு! எனக்கு? 'வண்டில பெட்ரோல் இருக்கா?' எட்டு மாசமா இதே ஒரு கேள்வி. நானும் உள்ள மாட்டிக்கிட்டுத்தானே அங்கிள் கிடந்தேன்?

அம்மா அதுக்கு மேல. மூக்குக்கண்ணாடிக் கடைல வேலை. நாள் பூரா வர்றவங்க போறவங்களை 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா'ன்னு கேட்டுக் கேட்டுத் துளைச்சிடுவாங்க. என் ரூம் வாசல்ல வந்து நிப்பாங்க... வாயத் திறப்பாங்க... நானும் இதோ கேக்கப் போறாங்கன்னு பாத்துட்டே இருப்பேன்... 'துவைக்கத் துணி இருக்கா?' அவ்ளோதான், போயிடுவாங்க! ஒருநாள் துவைச்ச துணியையே திரும்ப எடுத்துக் குடுத்தேன், பேச்சு கொஞ்சம் நீளட்டுமேன்னு. வாங்கிட்டுப் போய்த் துவைச்சாங்க அங்கிள்!

சனிக்கிழமை அவ எங்க வீட்டுக்கு வர்றா. அவன்னா... ஆமா, என் ஆளுதான். ரெண்டு வருஷமாச்சு. மாட்டு டாக்டருக்குப் படிக்கிறா. எந்த முரட்டு மாடும் அவ சொன்னா நின்னு கேக்கும். நான் மட்டும்தான் கேக்கமாட்டேன்னு சொல்லுவா, கொழுப்பு! இவங்க அவளையும் உக்கார வெச்சு 'பெட்ரோல் இருக்கா, துணி இருக்கா'ன்னா? அவ ஒண்ணும் சொல்லமாட்டா. ஆனா முகம் ஒருமாதிரி சுருங்கும்... அதை மட்டும் என்னால பாக்க முடியாது. அதுக்காகத்தான் இவ்ளோ அலைச்சல்.

எதுக்கு வெளிய அனுப்பினாங்கன்னா? அது... ஒண்ணுமில்ல. உள்ள ஒரு முறை வெச்சிருக்காங்க. ஒரு பந்து குடுப்பாங்க, அது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். எனக்குக் குடுத்தாங்க. பேசினேன். சட்டம் படிக்கிற பொண்ணு கையில குடுத்தா பேசமாட்டேனா? ...இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். அப்பா கை நீட்டினாரு, 'இன்னும் ரெண்டே பாயின்ட்டு'ன்னேன். அம்மா நீட்டினாங்க, 'குறுக்க வராதீங்க'ன்னேன். அப்பதான் மேடம் அம்மாவைப் பாத்து, 'எட்டு மாசமா ஏன்மா எதுவுமே கேக்கல?'ன்னாங்க. நானும், ஆங், நல்லாக் கேளுங்கன்னு சாஞ்சு உக்காந்தேன். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? கைப்பையத் திறந்து அந்த ஃபைலை எடுத்து மேஜையில வெச்சுட்டாங்க!

எந்த ஃபைலா? ...நான் குடுத்ததுதான். எட்டு மாசத்துக்கு முன்னாடி, சாப்பிடும்போது, 'எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்'னு சொன்னேன்ல... சொன்ன உடனே அம்மா வாயத் திறந்தாங்க. நான் கையக் காட்டி நிறுத்திட்டேன். 'ஒரு வார்த்தை பேசக்கூடாது! முதல்ல இதைப் படிங்க. படிச்சுட்டு, தப்பில்லாத கேள்வி இருந்தா மட்டும் கேளுங்க'ன்னு. இதைப் பத்தி நானே தேடித் தொகுத்தது, அறுபத்திரண்டு பக்கம். ஸ்பைரல் போட்டு. கடைசில பயிற்சி வினா வேற இருக்கும்.

...சிரிக்காதீங்க அங்கிள். பயம். என்ன சொல்லிடுவாங்களோன்னு. யாரும் எதுவும் சொல்லாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு அன்னிக்கு.

அந்த ஃபைல் ஓரமெல்லாம் கிழிஞ்சு டேப் போட்டு ஒட்டியிருக்கு. டீக் கறை. அப்பா கையெழுத்துல, கொட்டை கொட்டையா, வினா ஒவ்வொண்ணுக்கும் விடை! அம்மா சொல்றாங்க, 'மூணு தடவை படிச்சோம் மேடம். கேள்வி நிறைய இருக்கு. எது தப்பில்லாத கேள்வின்னுதான் தெரியல. தப்பாக் கேட்டு அவ மனசு நொந்துட்டா? அதான் துணியக் கேட்டுட்டு வந்துடுவேன்'ங்கறாங்க...

நான் உடனே 'அப்ஜெக்‌ஷன்'னேன். அதுக்குத்தான் வெளிய அனுப்பினாங்க.

ஆக... வாய்ப்பூட்டைப் போட்டது நான். சாவியைப் பையில வெச்சுக்கிட்டு, ஏன் பேசமாட்டேங்கறீங்கன்னு எட்டு மாசம் கதவைச் சாத்திச் சாத்தி சண்டை போட்டதும் நான். தூ! இதுல நான் வக்கீலாகப் போறேன். அதனால அங்கிள், உங்க பையன்கிட்ட நீங்க மட்டும்...

அங்கிள்?

எங்க போனாரு? நிரப்பிட்டிருந்த ஃபாரத்தைக் கூட வெச்சுட்டு ஓடிட்டாரே! என் வாய்... என் வாய் இருக்கே! மெனக்கெட்டு வந்த மனுஷனை வாசல்லயே விரட்டிட்டேன். எந்தப் பக்கம் போனாரு, ஜன்னல்ல பாப்போம்... அந்தா, கார்கிட்ட. ஏறிக் கிளம்பப் போறாரு... இல்ல. ஓட்டற பக்கம் போகல. பையன் பக்கத்துக் கதவைத் திறந்து... குத்த வெச்சு உக்காந்துட்டாரு, ரோட்டுலயே! என்னவோ கேக்கறாரு. பையன் தலைய ஆட்டறாரு... கேளுங்க அங்கிள், விடாதீங்க. பேப்பர் கீப்பர் எதுவும் குடுத்துடாதீங்க.

ஆங், வந்துட்டேன் மேடம். என்ன, பந்தா? எங்கிட்ட ஏது பந்... அட, இதோ. கையிலயே வெச்சுட்டுப் பேசிட்டிருந்திருக்கேன், இவ்ளோ நேரமும்.

இந்தாம்மா, பிடி. ...அப்பா, நீங்க அடுத்து. ...அழல, தூசி. கேளும்மா. தப்பாவே கேளு. மார்க் போடமாட்டேன்.

...

சனிக்கிழமை அவளுக்கு என்ன சமைக்கறதுன்னா? தயிர் பிடிக்காதும்மா. மாட்டையே பாத்துட்டு வர்றவ, வீட்லயும் அதானான்னு கேப்பா. வேற என்ன வேணா செய்யி. ...ம், அப்புறம்? அடுத்ததைக் கேளு.