குடியேறுபவர் பெயர்

— நோட்டீஸ அப்படி ஓரமா வைங்க சார். கை முழுக்க டை. உங்க சம்சாரம் தலை பாதிதான் கறுத்திருக்கு, மீதிய விட்டுட்டு நான் காகிதம் படிக்க முடியாது.

— படிக்க என்ன இருக்கு பார்லர்க்காரம்மா? ரெண்டு மாசத்துல இந்தக் கீழ்வீட்டக் காலி பண்ணணும். அவ்வளவுதான்.

— எதுக்கு? தெரியாமத்தான் கேக்குறேன். பதினோரு வருஷத்துல வாடகை ஒரு நாள் தள்ளிப் போயிருக்கா?

— சொந்த உபயோகம். வீட்டுக்காரன் குடும்பத்துல ஒருத்தர் குடிவர்றதா இருந்தா காலி பண்ணிக் குடுக்கணும்னு சட்டமே சொல்லுது.

— சட்டத்த நானும் விசாரிச்சேன். யாரு வர்றாங்கன்னு பேர் போடணும். இங்கயிருந்தே தெரியுது, பேர் இருக்கவேண்டிய இடத்துல வெறும் கோடு.

— என் பையன்தான் வர்றான்.

— உங்க பையன் போன மாசமே வீடு வாங்கிக் குடிபோயாச்சு. சமையலறைக்கு என்ன கலர் டைல்ஸ் ஒட்டலாம்னு மருமக இதே நாற்காலியில உட்கார்ந்து என்கிட்டதான் கேட்டா.

— ஊர்க்கதையெல்லாம் உனக்கு எதுக்கு?

— நானா போய்க் கேக்குறேன்? இங்க வந்து முகத்த நீட்டுறவங்களுக்கு வாயும் தானாத் திறந்துக்குது. மருந்துக்கடைக்காரர் சம்சாரம் புருவம் திருத்த வந்துட்டு, 'எங்க ரெண்டாவது கடை இந்த ரூம்லதான், போகும்போது கண்ணாடிய எங்களுக்கே வித்துடுங்க'ன்னுட்டுப் போறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கையில கத்தரிக்கோல் வேற. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

— இந்தா பாரும்மா, என் வீடு. நான் யாருக்கு வேணா விடுவேன்.

— அதுக்காகப் பொய் சொல்லி என்னைக் கிளப்பாதீங்க. இந்த நாலு தெருவத் தாண்டினா எனக்கு வெட்ட ஒரு தலை கிடையாது. பொண்ணு பரீட்சை எழுதுற வருஷம். பேர் போட்டவங்க ஒரு வருஷம் இங்க குடியிருந்தாகணும், வாடகை ஆபீஸ்லேருந்து ஆள் வந்து பார்ப்பாங்க. இல்லேன்னா வீடு திரும்ப எனக்குத்தான். போடச் சொல்லுங்க உங்க பையனை, கையெழுத்த.

— ஏங்க, அவன் போட மாட்டான். நேத்தே போன்ல சொல்லிட்டான், 'அப்பா பொய்க்கு நான் ஆள் இல்லம்மா'ன்னு.

— உன்னை யாரு கேட்டா? தலையக் காமிச்சுக்கிட்டுப் பேசாம உட்காரு.

— என் பேர எழுதுங்க.

— என்னது?

— கீழ்வீட்டுக்கு நான் வர்றேன்னு எழுதுங்க. உங்க பொண்டாட்டியும் குடும்பம்தானே.

— அட, இது எனக்குத் தோணலியே. பார்த்தியாம்மா, முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒத்தாசையா வாயத் திறந்திருக்கா. இந்தா, பேர் எழுதியாச்சு. என் கையெழுத்து. குடியேறுறவ கையெழுத்த நீயும் போடு.

— அக்கா, நீங்களுமா? மாசாமாசம் இந்தத் தலைய மடியில வெச்சுக்காத குறையாப் பார்த்துக்கிட்டேன். மிச்சத்த நீங்களே பூசிக்குங்க. இந்தாங்க பிரஷ்.

— கோவிச்சுக்காதே, நில்லு. கையெழுத்துப் போட்டாச்சு. காகிதம் உனக்குத்தானே, நீயே வெச்சுக்க. இப்ப சொல்லு, நான் மாடியிலயே இருந்தா இது செல்லாது, இல்லியா?

— எப்படிச் செல்லும்? கீழ குடியிருக்கணும்.

— ஏய், அதெல்லாம் பேப்பர்லதான். ஆபீஸ் ஆள் வர்றப்ப ரெண்டு பாத்திரத்தக் கொண்டாந்து வெச்சாப் போதும்.

— இல்லீங்க, நிஜமாவே வர்றேன். மாடியில நான் எங்க உட்கார்ந்தாலும் பின்னாடியே வந்து லைட்ட அணைக்குறீங்க. எத்தனை வருஷம்தான் இருட்டுல உட்கார்ந்து கோபப்படுறது? பின் ரூம் எனக்குப் போதும். முன் ரூம்ல இவ தொழில் நடக்கட்டும், பொண்ணு என் பக்கத்துல உட்கார்ந்து படிக்கட்டும். என்கூட யாரும் இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்காம்மா?

— அப்படி ஒண்ணும் இல்லக்கா.

— ரெண்டு பேருக்கும் புத்தி கலங்கிப்போச்சா? மருந்துக்கடைக்காரனுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். ஊர் சிரிக்கும். எழுந்திரு, மாடிக்கு நட.

— என் தலை இன்னும் காயலீங்க.

— நீ எப்படி இங்க குடித்தனம் பண்றேன்னு பார்த்துடுறேன். தினம் காலையில வந்து நிப்பேன்.

— தினமெல்லாம் வர முடியாது சார். வீட்டுக்காரர் உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடி எழுதிக் குடுத்துட்டு வரணும். அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு.