வத்துன்னு மெதுவா சொல்லணும்

கத்தவே கூடாதுக்கா. எல்லாரும் பண்ற தப்பு அதான். நம்ம நாய் வளக்கறவங்க குரூப்ல நீங்க போட்ட வீடியோவ பார்த்தேன். உங்க டைகர் செருப்ப கவ்விக்கினு நிக்குது, நீங்க திருநின்றவூரே அதிர்ற மாதிரி கத்தறீங்க. அது இன்னா நெனைக்கும்? நர்மதாக்காவும் நம்ம கூட ஆட வந்துட்டாங்கன்னு நெனைக்கும். "எபி தம்பி, உங்க நாய் மட்டும் எப்பிடி ஒரே வார்த்தைல நிக்குது"ன்னு கேட்டீங்க இல்ல, அதான் தனியா அனுப்பறேன். கொஞ்சம் பெருசா போவும். டைப் பண்ண ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. பேச ஆளு கம்மிக்கா.

எங்க நாய் பேரு வாஷர். ஒரு கண்ண சுத்தி மட்டும், நட்டுக்கு அடியில போடற வாஷர் மாதிரி வெள்ளையா வட்டம் இருக்கும், அதான் அந்தப் பேரு. கும்முடிப்பூண்டி சிப்காட்டுல எங்க ஷெட்டு வாசல்ல குட்டியா சுத்திக்கினு இருந்துச்சி, தூக்கிக்கினு ரூமுக்கு வந்துட்டேன்.

மொதல்ல "உடு"ன்ற வார்த்தையதான் வச்சேன். அது வேலைக்கு ஆவல. நம்ம பக்கம் யாரு வாயத் தொறந்தாலும் உடுதான். பக்கத்து ரூமு செண்பகம் அக்கா போன்ல "அத்த உடுடி"ன்னு அவங்க தங்கச்சி கிட்ட சொல்லும், இங்க வாஷர் வாயில இருக்கற கோழி எலும்ப கீழ போட்டுட்டு என்னை பரிதாபமா பார்க்கும். அதனால எங்க ஷெட்டுல இருக்கற சூளூர்பேட்டைக்காரர் கிட்டருந்து "வத்து"ன்னு ஒரு வார்த்தைய எடுத்துக்கினேன். தெலுங்குல வேணாம்னு அர்த்தம். எங்க லைன் ஊட்டுல வேற யாரும் அத சொல்ல மாட்டாங்க.

வார்த்தை மட்டும் போதாதுக்கா. எப்பவும் ஒரே கொரல்ல, மெதுவா சொல்லணும். கத்தி சொன்னா நாய்க்கு அது வேற வார்த்தை. அப்புறம் டைமிங். தப்பு பண்ற அந்த நொடியிலயே சொல்லிடணும். லேட் ஆயிடுச்சின்னா சொல்லவே கூடாது, எதுக்கு சொன்னாங்கன்னு அதுக்கு கொழம்பிடும். இந்த டைமிங்க நல்லா மனசுல வச்சிக்கோங்க.

வரதன் என் ரூம்மேட்டு. பெரியபாளையம் பையன், எங்க ஷெட்டுலயே வெல்டரு. நான் பேக்கிங். அவன் வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம எனக்கு எப்பிடி இருக்கும் தெரியுமா? கடையில "பால் பாக்கெட் ஒண்ணு"ன்னு கேப்பேன். அன்னிக்கு பூரா நான் பேசற பேச்சு அதான். பொன்னேரியில நைனா, அண்ணன், அண்ணின்னு எல்லாரும் இருக்காங்க. போனா சாப்பாடு போடுவாங்க. சாப்ட்டியான்னு கேட்டுட்டு டிவி பார்ப்பாங்க.

வரதன் அப்பிடி இல்ல. வாய் ஓயாது. "டேய் எபி, நாய்க்கு தெலுங்கு சொல்லிக் குடுத்துட்ட. அடுத்து இன்னா, ஆந்திராவுல தடா பக்கம் பொண்ணு பாக்கப் போறியா அதுக்கு?" அப்பிடியே பேசிக்கினே மீன் கொழம்பு வைப்பான். வாஷர் அவன் கால் மேல தல வச்சி தூங்கும். அந்த நேரத்துல நான் ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா கேட்டுக்கினு இருப்பேன்.

நடுவுல லைன் ஊட்டுல திருட்டு ஆரம்பிச்சிது. ஷிஃப்ட்டுக்கு போய்ட்டு வர்றதுக்குள்ள பூட்ட ஒடச்சி பையோட தூக்கிக்கினு போய்டுவானுங்க. அதனால வாஷருக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தேன். வாசல தாண்டி யாரு பை எடுத்துக்கினு போனாலும் பைய கவ்விப் புடிக்கணும். நான் வத்துன்னா உட்ரணும். காலைல வரதன் சாப்பாட்டுப் பையோட கெளம்புவான், வாஷர் எழுந்து போவும், நான் வத்துன்னுவேன், ஒக்காந்துரும். தெனமும் இதான். அவனும் வாசல்ல நின்னுக்கினு "சொல்லுடா, டைம் ஆவுது"ன்னு சிரிப்பான். அவன் கெளம்பறதே என் வார்த்தைலதான்.

அப்புறம் ஒரு நாள் ஜாங்கிரி வாங்கினு வந்தான். "ஒரகடத்துல கெடச்சிருச்சிடா. பெரிய கம்பெனி, ஹாஸ்டலு கேன்டீனு எல்லாம் அவங்களே." நல்லதுடான்னு சொன்னேன். நெஜமாவே நல்ல வேலைதான். "நீயும் அங்க ட்ரை பண்ணேன்டா"ன்னான். பேக்கிங்குக்கு அங்க மிஷின் இருக்குன்னு அவனுக்கும் தெரியும். வாஷருக்கும் ஒரு ஜாங்கிரி குடுத்தான். நாய்க்கு ஸ்வீட் குடுக்கக் கூடாதுக்கா, நீங்களும் குடுக்காதீங்க.

அவன் கெளம்பற வரைக்கும் ட்ரெயினிங்ல நான் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன். முன்னெல்லாம் பைய புடிச்சா பிஸ்கட். இப்ப பைய புடிச்சா ஒண்ணும் கெடையாது. பை புடிச்சிருக்கற கைய புடிச்சா கோழி. வரதன்தான் ஹெல்ப் பண்ணான். வலது கையில கோணி சுத்திக்கினு, பைய தூக்கிக்கினு வாசல தாண்டுவான். "கைய எதுக்குடா புடிக்கணும்?"னு கேட்டான். திருடன் பைய போட்டுட்டு ஓடிட்டா இன்னா பண்றதுன்னேன். "அட ஆமாடா, மூளைக்காரன்டா நீ." மொதல்ல கோணிய ரெட்டையா சுத்தினான், அப்புறம் வாஷர் பழகிருச்சின்னு ஒத்தையாக்கினோம். நான் வத்துன்னதும் டக்குனு உட்ரும். கைய உதறிக்கினு வாஷரக் கொஞ்சுவான்.

அவன் கெளம்பற அன்னிக்கு காலைல நாஷ்டா நான்தான் செஞ்சேன். இட்லி. வழக்கத்த விட ஒண்ணு அதிகமா சாப்ட்டான். பெரிய பைய வலது கையில தூக்கினான். வாஷர் எழுந்துச்சி. வரதன் வாசல்ல நின்னு திரும்பி, சிரிச்சிக்கினே, "எபி, சொல்லுடா"ன்னான்.

நான் சொல்லல.

மொதல்ல நான் வெளாடறேன்னு நெனச்சிருப்பான். அப்புறம் சிரிப்பு போச்சு. "வத்து, வத்து"ன்னு அவனே கத்தினான். வலியில மெதுவா சொல்ல யாராலயும் முடியாது இல்லக்கா. கத்தினா அது வேற வார்த்தை. செண்பகம் அக்கா கொழாயடியிலருந்து பக்கெட்டோட ஓடி வந்து வாஷர் முதுகுல அடிச்சிது. அடிச்சா இன்னும் இறுக்கமா புடிக்கும், அது நாயோட சுபாவம். "டேய் எபி, நீ சொன்னாதான உடும், சொல்லித் தொலையேன்டா"ன்னு அந்தக்கா அழுதுச்சி.

வார்த்தை பல்லு வரைக்கும் வந்து நின்னுச்சி. ஆனா அந்த நொடி தாண்டிருச்சே. லேட்டா சொன்னா நாய்க்கு கொழம்பிடும்னு முன்னாடியே சொன்னேன் இல்ல, அதத்தான் நானும் யோசிச்சேன். இவ்ளோ நாள் ட்ரெயினிங் வீணாப் போய்டுமேன்னு. அப்புறமா சொன்னேன். மெதுவாதான். உடனே உட்ருச்சி. வாயெல்லாம் செவப்பா என் முன்னாடி வந்து கோழிக்கு ஒக்காந்துச்சி.

"பாவம், புள்ள பயந்து வாயடைச்சிப் போச்சு"ன்னு லைன்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னேன்.

வரதனுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. ஆனா உள்ள நரம்பு அறுந்துருச்சி. பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் சேர மாட்டேங்குது. வெல்டிங் டார்ச்ச புடிக்க முடியாது. ஒரகடத்துல வேற ஆளப் போட்டுட்டாங்க. வாஷர ஊட்டுல வைக்கக் கூடாதுன்னு லைன்காரங்க சொன்னதால, ஆரம்பாக்கம் தாண்டி பைக்ல கொண்டு போய் எறக்கி உட்டேன். பைக் பின்னாடியே ஓடி வந்துச்சி. வத்துன்னேன். ஒக்காந்துருச்சி. திரும்பிப் பாத்தேன், அப்பவும் ஒக்காந்துக்கினுதான் இருந்துச்சி. அவ்ளோ நல்ல நாய்.

இப்ப வரதன் ரூம்லதான் இருக்கான். அவங்கம்மா கூட்டிக்கினு போறேன்னு வந்தாங்க, நான் பாத்துக்கறேம்மான்னு அனுப்பிட்டேன். சட்ட பட்டன் நான்தான் போட்டு உடறேன், சோறு ஊட்டறேன். "நீ இல்லன்னா நான் இன்னாடா ஆயிருப்பேன்"னு ஒரு வாட்டி சொன்னான். மத்தபடி முன்ன மாதிரி பேசறதில்ல. சொவரு பக்கமா திரும்பிப் படுத்துக்கறான். ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு இப்ப நான்தான் வைக்கறேன். பேச்சும் நான்தான் பேசறேன்.

இத யார் கிட்டயும் சொல்லலக்கா. நீங்க நாய் வளக்கறவங்க, உங்களுக்குப் புரியும். குரூப்ல மட்டும் போட்றாதீங்க. எனக்கு ஒரே ஒரு டவுட்டுதான். வாஷர் வலது கையத்தான் புடிக்கும்னு வரதனுக்கு நல்லா தெரியும், கோணி சுத்தினதே அவன்தானே. என்னை விட்டுட்டுப் போவணும்னு நெஜமாவே நெனச்சிருந்தா, பைய எடது கையில தூக்கியிருப்பான் இல்ல? நீங்க இன்னாக்கா சொல்றீங்க?