நோதோமி துடைத்த ஆயில்

குசகாபே: காலையில ஓட்டி முடிச்சதும் ஆற விட்டியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல! சூட்டோட அணைச்சா இன்ஜினுக்குக் காத்து ஊதுற டர்போ கருகிடும்னு...

சிஹாரு: கடைசிச் சுத்து மெதுவாத்தான் வந்தேன் அப்பா. நின்ன பிறகும் இன்ஜினை அணைக்கல.

குசகாபே: அப்புறம் எப்படிடி உடையும்? நம்ம பட்டறை டர்போ இதுவரைக்கும் ஒரு சொட்டு ஆயில் தரையில விட்டதில்ல!

சிஹாரு: இன்னைக்கு விட்டுடுச்சே. பந்தயத் தடத்துல மூணாவது வளைவு முழுக்க. எல்லார் ஓட்டமும் நின்னு கிடக்கு.

குசகாபே: அங்க தூள் தூவித் துடைக்கிறது யாரு... நோதோமியா?

சிஹாரு: அவரேதான்.

குசகாபே: டர்போவே இல்லாத வண்டிக்காரன் நம்ம ஆயிலைத் துடைக்கிறானா! போய்த் துடைப்பத்தைப் பிடுங்கு!

சிஹாரு: அவர் வண்டி காலையிலேர்ந்து ஓடுது. சூடுன்னு ஒரு முனகல் இல்ல. தடத்துல நாள் பூரா ஓட்ட அதுதான் லாயக்குன்னு நான் அன்னைக்கே...

குசகாபே: வாயை மூடு! அது தையல் மிஷினு. நேர் ரோட்டுல நம்மளைக் கண்டா ஒதுங்கும்.

சிஹாரு: காலையில ஒதுங்கலையே. முந்திட்டுப் போனாரு. நீங்களும் பார்த்தீங்க.

குசகாபே: அது காலையில!

சிஹாரு: வாங்கப்பா. ஆயில் கொட்டினவங்க ஒவ்வொரு கொட்டகையாப் போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும்.

குசகாபே: நோதோமி முன்னாடி குசகாபே முதுகு வளையாது! ஆயில் குழாய் மட்டம். வித்தவன் வந்து குனியட்டும்.

சிஹாரு: குழாய் நீங்க செஞ்சதுப்பா.

குசகாபே: அப்ப... நீ கண்டபடி மிதிச்சிருக்கே!

சிஹாரு: சரி. வேகத்துக்காக டர்போவோட காத்தழுத்தத் திருகை நான்தான் முடுக்கினேன், அது தாங்கலேன்னு சொல்லிடறேன். பழி என்னோட போகட்டும்.

குசகாபே: பொய் எதுக்கு? முடுக்கினது நீ இல்லையே! என்ன முறைக்கிறே?

சிஹாரு: நான் இல்லேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

குசகாபே: ...கால்வாசித் திருப்புதான். நீ சாப்பிடப் போனப்ப. அவனை ஒரே ஒரு தடவை... நேர் ரோட்டுல...

சிஹாரு: தெரியும்பா. யார் தொட்டாலும் தெரியணும்னு திருகு மேல வெள்ளைக் கோடு போட்டதே நீங்கதான். வண்டியில ஏறும்போதே பார்த்தேன். கோடு விலகியிருந்துச்சு.

குசகாபே: பார்த்துட்டுமா ஓட்டினே? ஏன்டி!

சிஹாரு: திருப்பினது உங்க கையாச்சே... உடையாதுன்னு நம்பிட்டேன்.