அலவத்துகொட ஏற்றத்தில் விழுந்த சிலிண்டர்

பெயர்: சேகு மதார் ஹலீம். வயது: நாற்பத்தொன்று. தொழில்: மாட்டு வண்டி ஓட்டுதல். இருப்பிடம்: கட்டுகஸ்தோட்டை, பாலத்தடி. 1936ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லி எழுதப்பட்டது.

நான் மேற்படி இடத்தில் மனைவி ஜெஸீமாவோடும் பிள்ளைகளோடும் வசித்து வருகிறேன். நேற்று முன்தினம் காலை ரயில் நிலையத்தில் அரசாங்கக் கிளாக்கர் வீரசிங்கம் என்னை அழைத்து, இரண்டு இரும்புச் சிலிண்டர்களை அலவத்துகொட மலையிலுள்ள புதிய காலநிலை நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும்படி கேட்டார். பலூன் பறக்கவிட்டு மேல்காற்றின் போக்கை அறிந்து மழை வெள்ளத்தை முன்கூட்டியே சொல்வதற்காக அரசாங்கம் மானியம் கொடுத்திருப்பதாகவும், இம்மாதம் முடிவதற்குள் பலூன் பறக்காவிட்டால் மிச்ச மானியம் நின்றுபோகும் என்றும், லொறி வரும்வரை காத்திருக்க முடியாது என்றும் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"வெறுங்காத்துதான் நானா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றார்.

அதன் பின்பு புறப்பட்டோம். வண்டியில் இடமிருந்தும் கிளாக்கர் ஏறவில்லை, வெகுதூரம் பின்னால் நடந்து வந்தார். அக்குறணையில் நான் சுருட்டு எடுத்தபோது ஓடி வந்து பறித்து ஓடையில் எறிந்தார். வெறுங்காற்றுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அப்போதிருந்து எனக்குச் சந்தேகம். இறக்கிவிட நினைத்தேன். அரசாங்கச் சாமானைத் தெருவில் போட்டால் பொலிசார் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அதற்கும் பயந்து, மாடுகளை மெதுவாக நடத்தினேன்.

அதன் பின்பு அலவத்துகொட ஏற்றத்தில், ஆஸியா உம்மாவின் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், சக்கரம் குழியில் இறங்கி, கயிறு அறுந்து, ஒரு சிலிண்டர் விழுந்து கடை வாசல்வரை உருண்டது. அதன் வாய் கல்லில் அடிபட்டுச் சீறியது. மணமும் இல்லை, புகையும் இல்லை. கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆஸியா உம்மா முழங்கால் நோவுக்காரி, சட்டென்று எழும்ப மாட்டார். கிளாக்கர் என்னைத் தாண்டி ஓடி, அவரை வெளியே இழுத்துவிட்டு, அடுப்பை அணைக்கத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். ஊற்றுமுன் வாசலில் தீப்பிடித்தது. வெயிலில் அந்தத் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. கூரை ஓலை கருகுவதைக் கண்டுதான் அறிந்தேன்.

நான் மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்துக்கொண்டு போய்க் கிளாக்கரை இழுத்தெடுத்தேன். இரண்டு கைகளும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்திருந்தன. பஸ்ஸில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில், "அது நெருப்புப் பத்துற காத்து. உண்மையைச் சொன்னால் நீங்கள் வரமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை நானா" என்றார்.

என் சுருட்டால் தீப்பிடித்ததென்று காலநிலை நிலையத்துப் பெரிய துரை சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது பொய். கிளாக்கர் பேசக்கூடிய நிலைக்கு வந்ததும் அவரையே கேட்கலாம். அவர் பிழைப்பாரோ தெரியாது.

மற்றச் சிலிண்டரைப் பொலிசாரின் உத்தரவின்படி நானே திருப்பி ஓட்டிவந்தேன். விசாரணை முடியும்வரை அசைக்கக்கூடாதென்று அது வண்டியோடு என் முற்றத்தில் நிற்கிறது. காவலுக்கு விட்ட கொன்ஸ்டபிள் தெருவுக்கு அப்பால் நிற்கிறார். பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஜெஸீமா போக மறுத்துவிட்டாள். நேற்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, விளக்கும் ஏற்றவில்லை. அந்தச் சிலிண்டரை எடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் கண்டதும் செய்ததும் இவையே, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

(ஒப்பம்) சே. ம. ஹலீம்