கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால்

—உனக்கு யாருடி சொன்னது? அதை மட்டும் சொல்லு.

—என்னக்கா, வந்ததும் வராததுமா? முதல்ல உக்காரு. இன்னிக்கு ஆஸ்பத்திரி லேப்ல டியூட்டி இல்லையா?

—பாதியில வந்துட்டேன். கதவைச் சாத்து. ஸ்டேஷன் வாசல்ல ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்கியே, அந்தப் போஸ்டரைத்தான் கேக்கறேன்.

—ஓ, அதுவா. உன்னை வச்சுத்தான் பண்ணேன், ஒத்துக்கறேன். கேக்காம பண்ணது தப்புதான். ஆனா பேர் போடலை, முகம் போடலை. முதுகு மட்டும்தானே?

—முதுகு கிடக்கட்டும். கீழ எழுதியிருக்கறதைப் படி. வாய்விட்டுப் படி.

—"கடைசி ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம். பின்னால் ஒரு காலடிச் சத்தம். அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. ரயில் இன்னும் மூன்று ஸ்டேஷன் வரட்டும்." இதுல என்னக்கா இருக்கு?

—இதை யாரு சொன்னா உனக்கு?

—யாரும் சொல்லலை. விளம்பரம்க்கா. கேளு, இந்த ரயில் பிரச்சாரத்துக்கு ஆறு மாசமா புள்ளிவிவரமாத்தான் போட்டோம். ரயில் பாதையை நீட்டினா இத்தனை பேருக்கு இத்தனை நிமிஷம் மிச்சம்னு. ஒரு ஈ காக்காகூடத் திரும்பிப் பாக்கலை. "ரோட்டைத் தோண்டிப் போட்டுருவாங்க"ன்னு எதிர்க்கறவங்க ஒரு வார்த்தை சொன்னாங்க, ஜனம் மொத்தமும் அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. கணக்கு காட்டினா தலையாட்டுவாங்க, பயம் காட்டினாத்தான் கை தூக்குவாங்க. இதை ஒட்டின மூணாம் நாளே ஆதரவு பாதியைத் தாண்டிடுச்சுக்கா! நாளைக்கு மக்கள் கூட்டத்துல ஓட்டெடுப்பு.

—அப்ப இது கற்பனைங்கறே.

—சத்தியமா.

—நாலு மாசமா நடக்குதுடி அது.

—எது?

—அந்தக் காலடி. வாய்க்கால் ஓரமா போனா குடோன் சுவர் ஆரம்பிக்குமே, அங்கேருந்து வரும். ஆறரை மணிக்கே அங்க ஆள் நடமாட்டம் இருக்காது. நான் நின்னா அதுவும் நிக்கும். செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு பாத்தா, தொப்பியைக் கண்ணு வரைக்கும் இறக்கிவிட்ட ஒருத்தன். மாஸ்க் வேற.

—ஐயோ, அக்கா! அத்தான்கிட்ட சொன்னியா?

—என்னத்தச் சொல்ல? "வேலையை விட்டுட்டு வீட்ல இரு"ன்னுவார். பதினோரு வருஷ வேலைடி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். யார்கிட்டயும் மூச்சு விடலை. அப்புறம் பாத்தா உன் போஸ்டர்.

—கிட்ட வாக்கா. கையைக் குடு. ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?

—நேத்து அவன் பேசினான்.

—பேசினானா?

—முதல் தடவையா. கிட்ட வந்து, காதோரமா, "படத்துல உங்க நடை அப்படியே வந்திருக்குல்ல?"ன்னான். விழுந்தடிச்சு ஓடினேன். வீட்டுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டப்புறம்தான் நின்னேன். ஏன்டி, உன் முகம் வெளுத்துப் போச்சு?

—அக்கா... அந்தக் காலடி வரி நான் எழுதினது இல்லை.

—இப்பதானே சத்தியம் பண்ணே?

—கற்பனைன்னுதான் நானும் நினைச்சேன். "அவள் தனியாக நடக்கிறாள்"னு மட்டும்தான் எழுதியிருந்தேன். படம் வரையறவர்தான், "பயம் பத்தலை மேடம்"னு சொல்லிக் காலடியைச் சேர்த்தார். எல்லாரும் கை தட்டினாங்க. பேரை நான் வாங்கிக்கிட்டேன்.

—என் போட்டோவைக் காட்டினியா அவன்கிட்ட?

—இல்லவே இல்லை. எங்க அக்கா இப்படி நடந்து போறான்னுதான் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு... பேச்சுவாக்குல எல்லாத்தையும் உளறிட்டேன். அவர் இங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல. நாலு மாசம் இருக்கும்.

—படத்துல என் பை மாதிரியே வாருக்கு ஊக்கு குத்தியிருக்கு, பாத்தியா? இடது தோள் இறங்கியிருக்கு. அதுவும் நீ சொன்னதா?

—நான் அதைக் கவனிச்சதுகூட இல்லைக்கா.

—ஆள் எங்க இப்ப?

—அடுத்த ரூம்ல. நாளைக்கு மேடையில வைக்கப் பெரிய படம் ஒண்ணு... ஷ்ஷ். கதவைத் தட்டறாங்க.

—மேடம், நாளைக்கான படம் ரெடி. இந்தத் தடவை முகமும் வரைஞ்சிருக்கேன்.

—அதே குரல்தான்டி.

—அந்தப் பக்கம் படி இருக்குக்கா, வா, போயிடலாம். போஸ்டரையெல்லாம் கிழிச்சிடறேன். ஓட்டும் வேணாம், ரயிலும் வேணாம்.

—கிழிக்காதே. அந்த வழியில நான் ஒருத்தியா நடக்கறேன்? போலீசுக்கு ஃபோன் போடு. ஆபீஸ்ல இருக்கறவங்க எல்லாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடு.

—உனக்கு உடம்பே ஆடுதுக்கா.

—ஆடட்டும். என் கையை விடாதே. ம், எல்லாரும் வந்துட்டாங்களா? இப்பத் திற.

—மேடம், என்ன இவ்வளவு கூட்டம்? அட... நீங்களா?

—நான்தான். குடுங்க அந்தப் படத்தை. நாளைக்கு மேடையில இதுக்குப் பக்கத்துல நான் நிப்பேன். பின்னாடி கேட்ட காலடி யாருதுன்னு ஜனங்க கேட்டா, உங்களைத்தான் கை காட்டுவேன்.