மயிரிழை இடைவெளி

தண்ணீர் வேண்டாம், சார். ஓடி வந்ததில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஒரு செருப்பு வழியில் எங்கோ கழன்றுவிட்டது. திரும்பிப் போய் எடுக்கத் தோன்றவில்லை. உங்கள் மேசைமேல் இருக்கும் அந்த ரம்பத்தை மட்டும் சற்றுத் தள்ளி வைத்தால் நல்லது. வெயில் பட்டுக் கண் கூசுகிறது.

லாக்கப்பில் உட்கார வைத்திருக்கிறீர்களே, என் மச்சான், அவனைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். என் மனைவியின் தம்பி. அக்காவின் மோதிரத்தை அவன் திருடவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டால் நீங்களே சிரித்துவிடுவீர்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். லென்ஸுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. விடுமுறை நாட்களில் பின்னறையில் உட்கார்ந்து தூண்டில் கம்பு கட்டுவேன். மீன் பிடிக்கத் தெரியாது. புழுவைக் கொக்கியில் குத்த வேண்டுமாமே, அது என்னால் ஆகாது. ஒரு உயிரை நோகடிக்கிற ஆள் நானில்லை.

நீங்கள் எடுத்து வந்திருக்கும் அந்தப் பச்சைக் கம்பு கடற்கரையில் நின்று தூரமாக வீசுகிற வகை. அடிப்பக்கம் நல்ல தடிமன். பிடிப்பதற்குத் தக்கை. தக்கை முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் ஓர் அலங்கார வளையம் போடுவது வழக்கம். அதனால் மீனுக்கும் லாபமில்லை, பிடிக்கிறவனுக்கும் லாபமில்லை. தக்கையின் வெட்டுவாயை மறைக்கும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாத கம்பு, கோட்டு சூட்டெல்லாம் போட்டுக்கொண்டு சட்டை போட மறந்து வந்த ஆளைப் போல நிற்கும்.

நான் வரவழைத்த வளையம் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. கொஞ்சம் என்றால், நீங்கள் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்க்காமலே கண்டுபிடிப்பேன். குழாய் வாஷரைப் போட்டுப் பார்த்தேன். சாவிக்கொத்து வளையத்தைப் போட்டேன். திரைச்சீலை வளையத்தைக் கழற்றியதில் கூடத்துத் திரை பாதி சரிந்து, எதிர்வீட்டுக்காரர் எங்கள் குடும்பத்தை முழுதாகப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. ஒன்று ஆடியது, இன்னொன்று இறங்கவே மறுத்தது.

வெறுத்துப்போய்க் கை கழுவப் போனேன். சோப்புப் பெட்டி ஓரத்தில் என் மனைவியின் மோதிரம் இருந்தது. மாவு பிசையும்போது கழற்றி வைப்பாள். மெல்லிய தங்கம், கயிறு முறுக்கியது போன்ற விளிம்பு. கல்யாணத்துக்கு முன் நான் வாங்கிப் போட்டது; ஆகவே ஒரு வகையில் என்னுடையதும்கூட.

சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். பசை போடுவதற்கு முன் எதையும் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். நுனி வழியாக நுழைத்து மெல்ல இறக்கினேன். அது வழுக்கிக்கொண்டு வந்து தக்கையைத் தொட்டு ‘டிக்’ என்றது. சார், அந்த ‘டிக்’கை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். விளக்கருகே பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் ஒரு இழைகூட நுழையவில்லை. பச்சை, தங்கம், தக்கை. மூன்றும் பிறந்ததிலிருந்து ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் மாதிரி இருந்தன. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் ஆடினேன். என் உடம்புக்கு ஆட்டம் ஒத்துவராது, ஸ்டூல் கவிழ்ந்தது. ஸ்டூலோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு எபாக்ஸிப் பசையைக் கலந்தேன்.

அவளிடம் காட்டி ஆச்சரியப்படுத்துவதாகத்தான் எண்ணம். கம்பு முடிந்ததும் காட்டலாமே என்று, தூண்டில் நரம்பு நுழைந்து ஓடுகிற சின்னக் கம்பிக் கண்களை ஒவ்வொன்றாக வைத்து நூல் சுற்றிக் கட்டினேன், மேலே பூச்சும் கொடுத்தேன். இங்கேதான் ஒரு நுணுக்கம். வளையம் ஏறுவதும் இறங்குவதும் நுனி வழியாகத்தான். கண்களைக் கட்டிவிட்டால் வழி அடைத்துவிடும். மறுபடி கழற்ற வேண்டுமானால் கட்டிய அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

பூச்சு காய்ந்திருந்த நேரத்தில் அவள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“ஏங்க, என் மோதிரத்தப் பாத்தீங்களா?”

“எந்த மோதிரம்?” என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து நழுவியது. நழுவியதை எடுத்து உள்ளே போட வழி இல்லை.

ஆனால் தேடுவதில் நான் குறை வைக்கவில்லை. கை கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாயை நானேதான் கழற்றினேன். தலையில் சாக்கடைத் தண்ணீர் ஊற்ற ஊற்றத் தேடினேன். மூன்று பொத்தானும், எப்போதோ தொலைந்த ஒரு கம்மலும் கிடைத்தன. கம்மலைப் பார்த்து அவள் கண்கலங்கி என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு என்னைப் போல நல்ல கணவன் அந்தத் தெருவிலேயே இல்லை.

வேலை போய், எங்கள் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டிருந்த மச்சான் மேல் அவள் பார்வை அப்புறம்தான் திரும்பியது. சின்ன வயதில் அக்காவின் சைக்கிள் மணியைக் கழற்றி விற்று ஐஸ் தின்றவன் அவன்.

“உண்மையச் சொல்லுடா. நீ எடுத்தியா?”

“அக்கா, சைக்கிள் மணிக்கு நான் வாங்காத அடியா? அதுக்கப்புறம் உன் சாமான் எதையாச்சும் தொட்டிருக்கேனாக்கா? அத்தான், நீங்களாவது சொல்லுங்க.”

சொன்னேன். கூடத்துக்கு நடுவில் நின்று, மனசாரச் சொன்னேன்.

“விடும்மா. எடுத்திருந்தாலும் ஏதோ கஷ்டத்துக்குத்தான் எடுத்திருப்பான். நம்ம பையன்தானே.”

அந்த வீட்டில் அவனுக்காகப் பரிந்து பேசியது நான் ஒருவன்தான். அதைக் கேட்டதும் அவள் விசும்ப ஆரம்பித்தாள். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அவனுக்கு மீன் பிடிப்பதென்றால் உயிர். நான் கட்டியதிலேயே உசத்தியான கம்பை அவன் கையில் கொடுத்தேன். வீட்டில் இருந்தால் என்றைக்காவது தூசி துடைக்க வந்து அவள் பார்த்துவிடுவாள் என்பதும் ஒரு காரணம். சின்னக் காரணம். அவன் கம்பைத் தடவிப் பார்த்து, வளையத்தில் விரல் வைத்து, “என்னா வேலைப்பாடு அத்தான்” என்றான். பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இந்த வீட்ல என்ன மனுசனா நெனச்சது நீங்க மட்டுந்தான்.” நானும் அழுதேன், சார். நிஜமான கண்ணீர். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் வந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். பெரிய மீன் ஒன்று மாட்டியதாம். கம்பும் கையுமாகப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினான், சமாதானமாகட்டும் என்று. அவள் போனில் அதை விரலால் பெரிதாக்கினாள். மீனைப் பார்க்கவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

அத்தான்தான் கொடுத்தார் என்று அவன் சொன்னதாக என்னைப் போனில் கேட்டீர்கள். கம்பு நான் கொடுத்ததுதான், அதில் மோதிரம் கீதிரம் இருந்ததாக நினைவில்லை என்றேன். மனைவி பக்கத்திலேயே நின்றாள், நான் வேறென்ன சொல்ல முடியும். நீங்கள் அவனைப் பிடித்ததிலிருந்து நான் நன்றாகத் தூங்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கவில்லை.

இன்று டீ ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: “கம்ப அறுத்து மோதிரத்த எடுத்துத் தர்றாங்களாம். ரம்பத்துக்கு ஆள் அனுப்பியிருக்காங்க.”

அப்போதுதான் சார், என் மனசாட்சி எழுந்து உட்கார்ந்தது. ஒரு அப்பாவி உள்ளே இருக்கிறானே என்று நெஞ்சு பதறியது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். மோதிரத்தை எடுத்தது நான். ஒட்டியது நான். அவன் தலையில் பழி விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மோதிரத்தையும் நானே எடுத்துத் தருகிறேன். நூலைப் பிரித்து, கண்களைக் கழற்றி, ஆவி காட்டினால் பசை இளகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு மத்தியான வேலை. அவ்வளவுதான் சார், மொத்தமே ஒரு மத்தியான வேலை.

அதை ஏன் கையில் எடுக்கிறீர்கள்? மச்சானைப் பற்றி ஒன்றும் அவசரமில்லை, அவன் பொறுமைசாலி, நாளைக்கு விட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டான். முதலில் அந்த ரம்பத்தைக் கீழே வையுங்கள்.